140 பக்கப் புகாரைவிட அந்த ஒரு வரி சாட் பெரிது

கேள்வி: கேமிங் லேப்டாப் வாங்கும் முன் ஒரு மாதம் உட்கார்ந்து வாடிக்கையாளர் புகார்களாகப் படித்தேன். சூடாகிறது, வேகம் விழுகிறது என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். விற்பவரிடம் சாட்டில் கேட்டதற்கு, "அது பழைய தயாரிப்பு பேட்ச், இப்போது வருவதில் சரிசெய்துவிட்டார்கள்" என்றார். நம்பி வாங்கினேன். 7 மாதத்தில் மூன்று முறை சர்வீஸ். விளையாட ஆரம்பித்து 20 நிமிடத்தில் வேகம் பாதியாகிறது. பொறுக்க முடியாமல் நானே திறந்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்கூட மாற்றிப் பார்த்தேன். இப்போது மதர்போர்டு மாற்றி, வாரண்டியை ஓராண்டு நீட்டித் தருகிறோம் என்கிறார்கள். எனக்கு முழுப் பணமும் மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடும் வேண்டும். மற்றவர்கள் எழுதிய புகார்கள் 140 பக்கம் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கின்றன. வழக்குப் போடலாமா?

பதில்: அந்த 140 பக்கத்தை முதலில் ஓரமாக வையுங்கள். முகம் தெரியாத யாரோ தன் லேப்டாப்பைப் பற்றி எழுதியது உங்கள் லேப்டாப்பில் பழுது இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யவா முடியும்? சர்வீஸ் சென்டரில் மரியாதை இல்லாமல் பேசினார்கள், பரீட்சை நேரத்தில் காலை வாரியது என்று கடிதத்தின் மீதியில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதையும் விட்டுவிடுவோம்.

உங்கள் கையில் இருக்கும் ஒரே உருப்படியான சரக்கு அந்தச் சாட். குறிப்பிட்ட குறையைச் சொல்லிக் கேட்டீர்கள், அது இதில் இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது, அதை நம்பிப் பணம் கட்டினீர்கள். வாக்குறுதி என்பது இதுதான். "தெரிந்துதானே வாங்கினார்" என்று எதிர்தரப்பு சொல்லும், சொல்லட்டும். குறையை விற்பவரே உங்களிடம் குறிப்பாகச் சொல்லியிருந்தால்தான் அந்த வாதத்துக்கு வலு உண்டு, பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. நீங்களாகத் தேடிப் படித்தது அந்தக் கணக்கில் வராது. ஆனால் அந்த 140 பக்கத்தை நீங்களே மனுவோடு இணைத்தால், எல்லாம் தெரிந்தும் துணிந்து இறங்கியவர் என்ற சித்திரத்தை நீங்களே வரைந்து கொடுத்த மாதிரி ஆகிவிடும், நஷ்ட ஈடு கேட்கும்போது அது கடிக்கும்.

இனிதான் விஷயம். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, திறந்து பேஸ்ட் மாற்றினேன் என்று, அதைப் படித்ததும்தான் எனக்குத் திக்கென்றது. திறந்தாலே எல்லா இடத்திலும் வாரண்டி போய்விடாது, அது வேறு. ஆனால் சூடு பற்றிய வழக்கில், சூட்டைக் கடத்தும் பொருளையே நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பார்த்த மாத்திரத்தில் தெரியாத பழுது என்றால் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவரும் நீங்கள்தான். அங்கே பின்மூடியைக் கழற்றியதும் தெரியப்போவது உங்கள் கைவேலை. பழுது பிறவியிலேயே இருந்ததா, உங்களால் வந்ததா என்ற கேள்வி எழுந்துவிட்டால் அப்புறம் வாய்தா மேல் வாய்தாதான்.

அடுத்தது ஜாப் ஷீட், அதாவது ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டரில் எழுதித் தரும் சீட்டு. மூன்று முறை போனீர்களே, மூன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா? என் கட்சிக்காரர் ஒருவர் நான்கு முறை போய் வந்தவர், நான்கு ஷீட்டிலும் "சோதித்ததில் பழுது ஏதும் இல்லை, வாடிக்கையாளருக்குத் திருப்தி" என்று அச்சாகியிருந்தது, கீழே அவர் கையெழுத்து. லேப்டாப் திரும்பக் கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் போட்டது. அந்த நான்கு கையெழுத்தைத் தாண்டி என்னால் ஒரு அடி நகர முடியவில்லை.

சூடாவது மட்டுமே பழுது ஆகிவிடாது. பல இன்டெல் லேப்டாப் சிப்களுக்கு உச்சவரம்பே 100 டிகிரி செல்சியஸ், அதை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வது பாதுகாப்பு ஏற்பாடு. ஆகவே "கை வைக்க முடியவில்லை" என்பதை விட்டுவிட்டு, விளம்பரத்தில் சொன்ன வேகம் வருகிறதா என்று பாருங்கள். கிராபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட் என்று விவரப் பக்கத்தில் போட்டிருந்தார்கள்? ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப் பெயர் ஒன்றுதான், 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும், வாட் குறைந்தால் வேகமும் குறையும். சொன்னது ஒன்று, ஓடுவது வேறு என்றால் அதை அளந்து காட்டலாம்.

ஆப்பிள் மேக்புக் பட்டர்ஃபிளை கீபோர்டு சமாச்சாரம் ஞாபகம் இருக்கும். விசைகள் சிக்கிக்கொள்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் புகார், அமெரிக்காவில் கூட்டு வழக்கு, 2022இல் 5 கோடி டாலருக்குச் சமரசம், தவறு எங்களுடையது என்று நிறுவனம் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. அத்தனை பேர் சேர்ந்தும் சமரசத்தில்தான் முடிந்தது, நீங்கள் தனி ஆள், மூடியைத் திறந்த ஆள்.

அதனால் மதர்போர்டை வாங்கிக்கொள்ளுங்கள். கோபம் வரும், வரட்டும். அவர்கள் நீட்டும் காகிதத்தில் "முழுமையான இறுதித் தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தால் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். அதே கோளாறு மறுபடி வந்தால் பணம் திரும்பத் தரப்படும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், அந்தச் சாட்டைக் காட்டிக் கேட்டால் அநேகமாக இறங்கி வருவார்கள். மறுத்தால், பேஸ்ட் மாற்றிய தேதிக்கு முந்தைய ஜாப் ஷீட்களோடு வாருங்கள், பேசுவோம். இழுத்தடிக்கவும் வேண்டாம், இந்தியாவில் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும், சர்வீசுக்கு அலைந்த நாட்கள் அதில் தானாகக் கழியாது.

வேலை முடிந்து லேப்டாப்பை வாங்கும்போது புது போர்டின் சீரியல் எண்ணை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். மாற்றியதாகச் சொல்லிப் பழைய போர்டையே துடைத்துக் கொடுத்த கதை ஒன்று இப்போதும் என் மேஜையில் கிடக்கிறது.