சரிவு மனையில் மூன்று தலைமுறைக்கு ஒரு வீடு

கேள்வி: கோத்தகிரியில் எங்களுக்கு 25 அடி அகலம், 80 அடி நீளத்தில் ஒரு மனை இருக்கிறது. முன்பக்கச் சாலையிலிருந்து பின்பக்கச் சந்து வரை சுமார் 12 அடி இறக்கம். மாமனாருக்கு 76 வயது, மூட்டுவலி. மாமியார், நாங்கள் இருவர், கல்லூரிக்குப் போகும் மகன், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் என ஆறு பேர். பின்னால் சுவர் எழுப்பி, மண் கொட்டிச் சாலை மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் எல்லோரும் ஒரே தளத்தில் இருக்கலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில்: பெரியவர்களைப் படி ஏற வைக்கக் கூடாது என்ற மேஸ்திரியின் எண்ணம் நல்லது. ஆனால் மண் கொட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தாங்குசுவரின் உயரம் கூடக்கூட ஆபத்து அதே அளவில் கூடுவதில்லை, பன்மடங்காகக் கூடுகிறது. 4 அடிச் சுவரை மண் தள்ளும் விசையைப் போல 9 மடங்கு 12 அடிச் சுவரைத் தள்ளும். அடியோடு சாய்க்கப் பார்க்கும் வலு 27 மடங்கு. இது மண் காய்ந்திருக்கும்போது உள்ள கணக்கு. மழைநீர் உள்ளே தேங்கினால் அதன் பாரமும் சேர்ந்துகொள்ளும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியதும், அதையொட்டி நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். சரிவில் புதிதாகக் கொட்டிய மண்ணின் மேல் ஆறு பேரின் வீட்டை நிறுத்த என் மனம் ஒப்பவில்லை.

நிலம் இறங்குகிற போக்கிலேயே வீட்டையும் இறக்கிவிடலாம். முன்னால் 10 அடி விட்டு, 55 அடி நீளத்துக்கு, பக்கத்துக்கு மூன்றரை அடி போக 18 அடி அகலத்தில் வீடு என்று வைத்துக்கொள்வோம். மேல்தளத்தைச் சாலையைவிட அரை அடி மட்டும் உயர்த்துங்கள். 6 அடி நீளச் சாய்தளம் போதும்; நாளை சக்கர நாற்காலி தேவைப்பட்டாலும் வாசல் வரை தடையில்லாமல் போகும். வீட்டின் பின்சுவர் வரும் இடத்தில் நிலம் சாலையிலிருந்து ஏறக்குறைய பத்தடி இறங்கியிருக்கும். அதாவது ஒரு தளத்தின் உயரத்தை நிலமே உங்களுக்குக் கொடுத்துவிட்டது! பின்பாதிக்கு அடியில் மட்டும் 27 அடி நீளத்தில் கீழ்த்தளம் அமைத்தால், மண்ணை வெட்ட வேண்டிய அதிகபட்ச ஆழம் வீட்டின் நடுவில் 4 அடிதான். பின்முனையில் வெட்டவே தேவையில்லை. முன்பாதியின் தரைக்கு அடியிலும் மண் நிரப்பாமல், தூண்களின் மேல் காங்கிரீட் தளம் போடுங்கள். அஸ்திவாரத்தைப் படிப்படியாக இறக்கிப் பழைய கெட்டி மண்ணில் உட்கார வைக்க வேண்டும். வெட்டுக்குப் பக்கத்தில் வரும் தூண்களைக் கீழ்த்தள அஸ்திவாரத்தின் ஆழத்துக்கே கொண்டுபோங்கள்.

நடுவில் மண் வெட்டிய இடத்தில் ஒரு 4 அடித் தாங்குசுவர் வரும். அதையும் வீட்டுச் சுவரையும் ஒன்றாக்காதீர்கள். நடுவே இரண்டடி இடைவெளியும் அடியில் வடிகாலும் இருந்தால்தான் கீழ் அறைகளில் ஓதம் ஏறாது. சுவருக்குப் பின்னால் சல்லி நிரப்பி, நீர் வெளியேற ஓட்டைகள் விட வேண்டும். குன்னூரில் ஒரு வீட்டில் பூச்சு வேலைக்கு வந்தவர்கள் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அந்த ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். அடுத்த ஐப்பசி மழையில் சுவர் வயிறு தள்ளி நின்றதை நானே பார்த்தேன். பூச்சு நடக்கும் நாளில் வீட்டார் ஒருவர் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இனி, யாருக்கு எந்த அறை? மாமனார், மாமியாருக்குச் சாலைப் பக்க அறை. தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார ஒரு ஜன்னல் அவர்களுக்கு மருந்து மாதிரி. ஒட்டினாற்போல் குளியலறை, மூன்றடி அகலக் கதவு, வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. நிலைப்படி வேண்டாம். கைப்பிடிக்கு ஏற்ற உயரத்தைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. இப்போதுள்ள வீட்டில் மாமனார் குளியலறைக்கு நடக்கும் வழியில் சுவரைப் பாருங்கள். அவர் உள்ளங்கை ஊன்றி ஊன்றி எண்ணெய்க் கறை படிந்திருக்கும். அந்த உயரம்தான் அவருக்கான உயரம்.

கணவனும் மனைவியுமாக நீங்களும் மேல்தளத்திலேயே, பின்பக்க அறையில் இருங்கள். தனிமை கருதிக் கீழே போகத் தோன்றும். இரவு இரண்டு மணிக்குப் பெரியவர் கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே. கீழ்த்தளம் பிள்ளைகளுக்கு. சந்துப் பக்கம் ஒரு வாசல் வைத்துவிட்டால் மகன் நேரம் கழித்து வந்தாலும் யார் தூக்கமும் கெடாது. பள்ளத்தாக்கைப் பார்த்துப் படுக்கையறைகள், மண் பக்கம் குளியலறையும் சாமான் அறையும். சமையலறை மேலே ஒன்று போதும். கீழே ஒரு சிறு மேடைக்குத் தண்ணீர்க் குழாய் மட்டும் விட்டுவையுங்கள்.

குறுகிய மனையில் வீட்டின் நடுப்பகுதி இருட்டடித்துவிடும். படிக்கட்டை அங்கே வைத்து, அதற்கு நேர் மேலே கூரையில் கண்ணாடி போடுங்கள். இரண்டு தளத்துக்கும் வெளிச்சம் இறங்கும். படி உயரம் 6 அங்குலம், மிதி 11 அங்குலம், மொத்தம் 20 படி, நடுவில் ஒரு திருப்பம். பிடி இரண்டு பக்கமும் வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டி பின்பக்கம்தான் வர முடியும். ஆனால் உறிஞ்சுகுழியைச் சந்தோரச் சுவருக்கு மேலே தோண்டாதீர்கள். அது வருடம் முழுவதும் அந்த மண்ணை ஊற வைக்கும்; சரிந்தால் கீழ் வீட்டுக்காரர் தலையில்தான் விழும். சந்தில் கழிவுநீர்க் கால்வாய் இருந்தால் அனுமதி பெற்று இணைத்துவிடுங்கள்.

நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர், அதாவது 23 அடி வரம்பு இருக்கிறது. இந்த வீடு பின்பக்கம் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 22 அடியை ஒட்டி வரும். எந்த மட்டத்திலிருந்து அளப்பார்கள் என்பதை வரைபடம் கொடுக்கும் முன்பே அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். மண் வெட்ட இயந்திரம் கொண்டுவரவும் அனுமதி வேண்டும். மண் வேலையைத் தை, மாசியில் முடித்துவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழைக்குள் வடிகால்களும் தயாராகிவிடும்.

நான் சொன்ன அளவுகள் எல்லாம் உங்கள் ‘சுமார் 12 அடி’யை நம்பிப் போட்டவை. சரிவு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமையே மேஸ்திரியை அழைத்துச் சென்று, பத்தடிக்கு ஒரு முளை அடித்து, டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து ஒவ்வொரு முளையிலும் நிலம் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டமைப்புப் பொறியாளரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.