அறுந்த நரம்பு திரும்ப வளர்வது எப்படி? மரபணு பக்கத்திலிருந்து சில பதில்கள்

நரம்புச் செல்களை வைத்து ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், மருத்துவர் இல்லை. அதனால் 'என் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பாருங்கள்' என்று வந்த கேள்விகளை விட்டுவிட்டேன். மற்றவற்றுக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

கேள்வி: சார், கையில் நரம்பு வெட்டுப்பட்டால் தைத்தபின் மெல்ல உணர்ச்சி திரும்புகிறது. தண்டுவடத்தில் அடிபட்டால் திரும்புவதில்லை. இரண்டும் நரம்புதானே?

நரம்புதான், ஆனால் இரண்டு வித்தியாசம் உண்டு. ஒன்று, சுற்றுப்புறம். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் என்ற கொழுப்பு உறையில் நோகோ மாதிரி வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன, காயத்தின் தழும்பும் வழியை மறிக்கிறது. 1981-இல் டேவிட், அகுவாயோ என்ற இருவர் எலியின் காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டைப் பாலம் போலத் தண்டுவடத்தில் பொருத்தியபோது, வளரவே வளராது என்று எல்லாரும் நினைத்த இழைகள் அதற்குள் சில சென்டிமீட்டர் வளர்ந்தன.

இரண்டாவது செல்லுக்குள்ளேயே இருக்கிறது, எனக்கு அதுதான் சுவாரசியம். தண்டுவடத்தை ஒட்டிய முடிச்சுகளில் உணர்வு நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஒரே செல், ஒரே மரபணுத் தொகுப்பு, ஆனால் இழை இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை தோலுக்கும் மற்றது தண்டுவடத்துக்குள்ளும் போகிறது. தோல் பக்கக் கிளையை வெட்டினால் வளர்ச்சி மரபணுக்கள் கூட்டமாக விழித்துக்கொள்கின்றன. தண்டுவடப் பக்கக் கிளையை வெட்டினால் செல் அநேகமாகக் கண்டுகொள்வதே இல்லை. தோல் பக்கத்தை முதலில் வெட்டிவிட்டுச் சில நாள் கழித்துத் தண்டுவடப் பக்கத்தை வெட்டினால், சாதாரணமாக வளராத அந்தக் கிளையும் வளர ஆரம்பிக்கிறது (1999-இல் எலிகளில் காட்டினார்கள்). அதாவது வளரத் தேவையான மரபணு செல்லிடம் இருக்கிறது, அதை எழுப்பும் உத்தரவுதான் வருவதில்லை.

கேள்வி: விரல் நுனியில் வெட்டுப்பட்டது முதுகுப் பக்கம் இருக்கும் நியூக்ளியஸுக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு தூரம்!

நல்ல கேள்வி. தகவல் ஒன்றல்ல, பல வேகத்தில் போகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் கால்சியம் உள்ளே பாய்கிறது, அந்த அலை இழை வழியாகச் செல் உடல் வரை ஓடுகிறது. அங்கே ஹெச்டாக்5 என்ற புரதம், டிஎன்ஏ இருக்கும் கருவான நியூக்ளியஸை விட்டு வெளியேறுகிறது. டிஎன்ஏ சாதாரணமாக ஹிஸ்டோன் புரதங்களில் இறுகச் சுற்றி, அடியில் மடித்து வைத்த துணி மாதிரி கைக்கு எட்டாமல் இருக்கும். ஹெச்டாக்5 விலகியதும் ஹிஸ்டோன்களில் அசிட்டைல் என்ற வேதிக் குறிகள் கூடி, சுற்று தளர்ந்து, சில மரபணுக்கள் படிக்கக் கிடைக்கின்றன.

அடுத்தது மெதுவான தபால். டிஎல்கே என்ற நொதி காயத்தை உணர்ந்து கிளப்பிவிடும் சமிக்ஞைகளும், ஸ்டாட்3 போன்ற புரதங்களும் இழைக்குள் இருக்கும் நுண்குழாய்கள் மேல் நியூக்ளியஸை நோக்கிச் சுமந்து செல்லப்படுகின்றன. சுமக்க உதவும் இம்போர்ட்டின் புரதத்துக்கான ஆர்என்ஏ (புரதம் செய்யப் பயன்படும் மரபணு நகல்), இழைக்குள்ளேயே முன்கூட்டி இருப்பில் இருக்கிறது! அடிபட்டவுடன் அங்கேயே புரதமாகத் தயாராகிறது. அப்புறம், இத்தனை நாள் தோலிலிருந்து வந்துகொண்டிருந்த வளர்ச்சிக் காரணிகள் திடீரென நின்றுபோவதும் ஒரு செய்திதான்.

கேள்வி: மரபணு மரபணு என்கிறீர்கள், பெயர் சொல்லுங்களேன்.

ஏடிஎஃப்3, சி-ஜுன், சாக்ஸ்11, ஸ்டாட்3. இவை எதுவும் நேரடியாக இழையைக் கட்டுவதில்லை, டிஎன்ஏ மேல் உட்கார்ந்து மற்ற மரபணுக்களை இயக்குகின்றன. ஏடிஎஃப்3 நல்ல நிலையில் இருக்கும் உணர்வு நரம்புச் செல்லில் கிட்டத்தட்ட இருக்காது, வெட்டுப்பட்ட ஓரிரு நாளில் நியூக்ளியஸுக்குள் நிறையத் தெரியும். அதனால் எந்தச் செல் அடிபட்டது என்று பார்க்க அதற்குத்தான் சாயம் ஏற்றுகிறோம். இவற்றுக்குக் கீழே ஜிஏபி-43, டியூபுலின் என்று கட்டுமான மரபணுக்கள் வருகின்றன. அதே சமயம் சமிக்ஞை கடத்துவதற்கான பல மரபணுக்களின் வேலை குறைகிறது. செல் தன் வழக்கமான வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வளர்வதில் இறங்குகிறது.

கேள்வி: வேகம் எவ்வளவு?

மனிதரில் சுமாராக நாளுக்கு 1 மில்லிமீட்டர். தோள்பட்டையில் அறுந்தால் கை விரல் வரை போகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஏன் மருத்துவர்கள் சீக்கிரம் தைக்க வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்கள்? எப்படியும் மெதுவாகத்தானே வளரப்போகிறது, அம்மாவுக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்று யோசிக்கிறோம்.

உங்கள் அம்மாவின் விஷயத்தை அவருடைய மருத்துவரிடமே பேசுங்கள், ஆனால் அவசரத்துக்குக் காரணம் உண்டு. இழை போகும் வழியை வைத்திருப்பவை ஷ்வான் செல்கள், கை கால் நரம்பிழைகளைச் சுற்றி மையலின் போர்த்தும் துணைச் செல்கள். அடிபட்டதும் அவற்றிலும் சி-ஜுன் எழுகிறது, மையலின் செய்யும் வேலையை நிறுத்தி, சிதைந்த குப்பையை அகற்றி, வரிசையாக நின்று வழி அமைக்கின்றன. எலிகளில் ஷ்வான் செல்லில் மட்டும் சி-ஜுனை நீக்கிவிட்டால், நரம்புச் செல் நன்றாக இருந்தும் வளர்ச்சி சரியாக நடப்பதில்லை. இந்த உதவி நிலை மாதக்கணக்கில் போகப்போக மங்கிவிடும், வயதானவர்களில் ஆரம்பத்திலேயே கொஞ்சம் மந்தம். நரம்பு வராத தசையும் சும்மா காத்திருக்காது, ஓராண்டு ஒன்றரை ஆண்டு தாண்டினால் மீட்பது கடினம்.

கேள்வி: அண்ணா, அந்த மரபணுவை ஊசியில் ஏற்றித் தண்டுவடத்தைச் சரிசெய்ய முடியாதா?

முடியும் என்று தோன்ற வைத்தது 2008-இல் வந்த ஒரு வேலை, தம்பி. எலியின் கண் நரம்புச் செல்களில் பிடென் என்ற மரபணுவை நீக்கினார்கள், வளர்ச்சி நன்றாகவே திரும்பியது. பின்னால் தண்டுவடத்திலும் காட்டினார்கள். பிரச்சினை என்னவென்றால், பிடெனின் வேலையே செல் கட்டுமீறி வளராமல் தடுப்பது, அது கெட்டுப்போவது பல புற்றுநோய்களில் காணப்படும் விஷயம். நிரந்தரமாக எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அதோடு, இழை வளர்ந்தால் மட்டும் போதாது, சரியான செல்லைத் தேடிப்பிடித்து இணைய வேண்டும், மையலின் போர்த்திக்கொள்ள வேண்டும். தண்டுவடக் காயத்துக்கு அப்படி அனுமதி பெற்ற மரபணு சிகிச்சை எதுவும் இன்று இல்லை. யாராவது பணம் கட்டச் சொன்னால் ஓடிவிடுங்கள்.

கேள்வி: மரபணுவில் கை வைக்காமல் தூண்ட வழியே இல்லையா?

இருக்கிறது. கை, கால் நரம்பைத் தைத்தபின் 20 ஹெர்ட்ஸ் மின்தூண்டல், ஒரு மணி நேரம், அதே அறுவை சிகிச்சையின்போது. எலிகளில் இது செல்லுக்குள் பிடிஎன்எஃப் போன்ற வளர்ச்சி மரபணுக்களைச் சீக்கிரம் கிளப்பி, இழைகள் வெட்டைத் தாண்டும் நேரத்தைக் குறைத்தது. மனிதர்களிலும் சிறிய சோதனைகளில் பலன் தெரிந்திருக்கிறது. இப்போதைக்கு நான் அதிகம் எதிர்பார்ப்பது இதிலிருந்துதான். கடையில் கிடைக்கும் மின் மசாஜ் கருவி வேறு, இது வேறு, அதை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்.