விமானம் ஏறும் முன் உட்கார்ந்து பாருங்கள்

உடை கேள்வி – பதில்: திருச்சியில் தையலகம் நடத்தும் எங்கள் உடை ஆலோசகர் பதில் சொல்கிறார். இந்த இதழில் விமானப் பயண உடைகள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. தங்கையின் பிரசவத்துக்காக முதல் தடவையாக டல்லாஸ் போகிறார். சென்னையில் ஏறி தோஹாவில் விமானம் மாற வேண்டும். அம்மா சேலையைத் தவிர வேறு எதுவும் உடுத்தியதில்லை. "சுடிதார் போட்டுக்கோ" என்று சொன்னாலே கோபம் வருகிறது. "அங்கே சம்பந்தி வீட்டார் வந்து நிற்பார்கள், கசங்கிப்போய் இறங்க மாட்டேன்" என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, புதுக்கோட்டை

பதில்: அம்மா சொல்வதுதான் சரி, சேலையிலேயே போகட்டும். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் பணிப்பெண்கள் மயிலிறகு போட்ட சேலையோடுதான் சாப்பாட்டு வண்டியைத் தள்ளுகிறார்கள். ஏர் இந்தியா 2023 கடைசியில் மணீஷ் மல்ஹோத்ரா வடிவமைத்த புதுச் சீருடையைக் கொண்டுவந்தபோதும் சேலையை விடவில்லை. மடிப்பை முன்கூட்டியே தைத்து, விருப்பப்பட்டால் பேன்ட்டோடு உடுத்திக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள், அவ்வளவுதான். அம்மாவுக்கும் நான் அதே வழியைத்தான் சொல்வேன்.

முதலில் ஒரு விஷயம். தோஹா வரை ஐந்து மணி நேரம், அங்கிருந்து டல்லாஸுக்கு ஏறத்தாழ பதினாறு மணி நேரம். இத்தனை நேரமும் அம்மா உட்கார்ந்துதான் இருக்கப்போகிறார். நாமோ துணியை நின்றபடி கண்ணாடியில் பார்த்து வாங்குகிறோம். தையல்காரரும் நிற்கவைத்தே அளவெடுக்கிறார். உட்கார்ந்தால் இடுப்பும் வயிறும் பரவும், ஒன்றரை, இரண்டு அங்குலம்கூடக் கூடும். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் பொதுவாக ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குத்தான் வைக்கப்படும். ஊட்டியில் போய் உட்கார்ந்திருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் வயிற்றுக்குள் இருக்கும் வாயு கால் பங்குக்கு மேல் விரியும். இப்போது பாவாடை நாடாவை வழக்கம்போல இறுக்கி முடிந்தால் என்ன ஆகும்? நடு வழியில் மூச்சு முட்டும், வயிறு வலிக்கும், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

அதனால் பாவாடையிலிருந்து ஆரம்பியுங்கள். என்னிடம் வருபவர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை என்று இடுப்பளவு எடுப்பேன். பாவாடையின் முன்பக்கம் தட்டையான பட்டி, பின்பக்கம் மட்டும் ஒன்றரை அங்குல அகல எலாஸ்டிக். சுற்றிலும் எலாஸ்டிக் வைத்தால் சேலையின் கனத்துக்குக் கீழே இறங்கும். பக்கவாட்டில் ஹூக் மாட்ட இரண்டு இடம் வையுங்கள்: நடக்கும்போது ஒன்று, உட்கார்ந்த பிறகு தளர்த்திக்கொள்ள இன்னொன்று. சேலைக்கு மேலிருந்து கையை விட்டே மாற்றிக்கொள்ளலாம், பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சேலை கிரேப் சில்க்காக இருக்கட்டும். மைசூர் சில்க் மாதிரி மெல்லிய கரை போட்டது போதும். கிரேப்பின் நூலை நன்றாக முறுக்கி நெய்வதால் கசங்கினாலும் கொஞ்ச நேரத்தில் தானே நிமிர்ந்துவிடும். கஞ்சி போட்ட காட்டன் ஏறும்போது அழகு, இறங்கும்போது அப்பளம் நொறுங்கியதாகிவிடும். பாலியஸ்டர் ஜார்ஜெட் கசங்காது, ஆனால் வேறு தொல்லை. விமானத்துக்குள் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் இருபது சதவீதத்துக்கும் கீழே இருப்பதால் துணியில் மின்னேற்றம் ஏறி உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். காஞ்சிப் பட்டு வேண்டவே வேண்டாம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதன் மேல் தங்க முலாம். அகலக் கரையும் தலைப்புமாகப் போனால் செக்யூரிட்டியில் கருவி சத்தம் போடலாம், தனியாக நிறுத்திச் சோதிக்கலாம். முதல் பயணத்திலேயே அந்தப் படபடப்பு எதற்கு? பட்டைப் பெட்டியில் வைத்துவிடுங்கள், சீமந்தத்துக்குக் கட்டிக்கொள்ளட்டும்.

அடுத்தது கழிவறை. சேலை கட்டும் அம்மாக்கள் விமானத்தில் தண்ணீரே குடிக்காமல் இருப்பதற்கு இந்தக் கழிவறைதான் காரணம். இடம் சின்னது, தரை ஈரம், மடிப்பைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை போதாது. இதற்காகத்தான் மடிப்பைத் தைக்கச் சொல்கிறேன். அம்மாவுக்குக் கட்டிவிட்டு, மடிப்பை அயர்ன் செய்து, மேலிருந்து நான்கு அங்குலத்துக்கு மட்டும் மெஷினில் ஒரு தையல். அந்த மடிப்பையும் உள்ளே சுற்றும் பகுதியையும் பாவாடைப் பட்டியோடு சேர்த்துத் தைத்துவிட்டால் பாவாடையும் சேலையும் ஒன்றாகத் தூக்கிக்கொள்ள வரும், இறக்கினால் மடிப்பு அப்படியே நிற்கும். கைத்தையல் போலப் பெரிய தையலாகப் போடச் சொல்லுங்கள். ஊர் திரும்பியதும் பிரித்துவிடலாம், நல்ல சேலை வீணாகாது. கணுக்கால் தெரிகிற மாதிரி இரண்டு அங்குலம் உயரமாகவே கட்டட்டும். ஈரத்தில் புரளாது, எஸ்கலேட்டரிலும் மாட்டாது.

பிளவுஸ் முழங்கை வரை கை வைத்த காட்டன், அக்குளில் அரை அங்குலம் கூடுதலாக. மேலே பெட்டி வைக்கக் கையைத் தூக்கும்போது அங்கேதான் கிழியும். ஸ்வெட்டர் முன்பக்கம் பட்டன் வைத்ததாக வாங்குங்கள். தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டர் தலைப்பையும் கொண்டையையும் கலைத்துவிடும். சேஃப்டி பின் தோளில் ஒன்று போதும்.

காலுக்கு வருகிறேன். நீண்ட நேரம் தொங்கப்போட்டிருந்தால் பாதம் வீங்கும். மெட்டி கழற்ற வராத மாதிரி இறுக்கமாக இருந்தால் புறப்படும் முன்பே ஆசாரியிடம் காட்டித் தளர்த்திவிடுங்கள். மோதிரமும் அப்படியே. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அந்த அபாயம் மிகக் குறைவுதான், பயப்பட வேண்டாம். ஆனால் அம்மாவுக்கு நரம்புச் சுருட்டல் இருந்தாலோ, சமீபத்தில் ஆபரேஷன் நடந்திருந்தாலோ, முட்டி வரை வரும் அழுத்தக் காலுறை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும், கடையில் கண்ணளவில் எடுத்தால் மேல் விளிம்பு வெட்டும். செருப்பு, மேலே வெல்க்ரோ பட்டை வைத்தது. காலையில் இருந்த அளவு மாலையில் இருக்காது என்பதால் தளர்த்தும்படி இருக்க வேண்டும்.

சரி, சம்பந்தி முன்னால் எப்படி நிற்பது? விமானத்துக்குள் சேலை மாற்ற முயல வேண்டாம். கைப்பையில் இன்னொரு பிளவுஸும், சேலைக்கு எடுப்பான நிறத்தில் மெல்லிய பட்டுச் சால்வையும் சுருட்டி வைத்துவிடுங்கள். டல்லாஸில் இறங்கி, பெட்டியை எடுப்பதற்கு முன்னால் அங்கிருக்கும் பெரிய கழிவறையில் முகம் கழுவி, பிளவுஸ் மாற்றி, தலைப்பைப் புதிதாக மடித்துப் பின் குத்தி, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டால் போதும். கிரேப் சேலை மீதியைப் பார்த்துக்கொள்ளும். வியர்வை பட்ட பிளவுஸ்தான் ஒருவரைக் களைத்தவராகக் காட்டுகிறது, சேலை அல்ல.

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. கம்பெனி முதல் தடவையாக ஜெர்மனி அனுப்புகிறது. இரவு சென்னையில் ஏறினால் காலையில் ஃபிராங்ஃபர்ட். ஹோட்டலுக்குப் போக நேரமில்லை, நேராக மீட்டிங். ஜீன்ஸ் போட்டு மேலே பிளேசர் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பிளேசர் சரி தம்பி, ஜீன்ஸ் வேண்டாம். பத்து மணி நேரம் முட்டியை மடித்து உட்காரும்போது கெட்டி டெனிம் முட்டிக்குப் பின்னால் மடிந்து அழுத்தும், இடுப்புப் பட்டி வயிற்றில் வெட்டும். அதற்குப் பதில் மெல்லிய உல்லன் பேன்ட் தைத்துக்கொள். நம் ஊரில் உல்லன் என்றாலே குளிர் காலக் கனத் துணி என்று நினைக்கிறோம். கோட் சூட் துணிக் கடைகளில் 'ட்ராப்பிக்கல் வுல்' என்று கேட்டால் வெயில் காலத்துக்கான மெல்லிய நெசவை எடுத்துக் காட்டுவார்கள். ஆட்டு ரோமம் இயற்கையிலேயே சுருள், கசக்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். காட்டன் அப்படியல்ல. உடம்புச் சூடும் வியர்வை ஈரமும் சேர்ந்து, உட்கார்ந்த மடிப்பை நாமே அயர்ன் செய்த மாதிரி பதித்துவிடும். இடுப்பு மடிப்பில் வரும் அந்த வரிகள் சட்டையால் மறையாது.

உல்லன் விலை கட்டுப்படியாகாவிட்டால், கொஞ்சம் ஸ்ட்ரெட்ச் கலந்த கெட்டி நிட் துணி. உன் ஊருக்குப் பக்கத்திலேயே திருப்பூர் இருக்கிறது. பின்னல் துணியில் நூல் வளையம் வளையமாகக் கோத்திருப்பதால் இழுபடும், திரும்பும், நெய்த துணி அளவுக்குக் கசங்காது. எதை வாங்கினாலும் கடையிலேயே ஒரு முனையைக் கைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்து, முப்பது எண்ணிவிட்டு விடு. சுருக்கம் அப்படியே நின்றால் எடுக்காதே. அப்புறம் டிரையல் ரூமில் நிற்காதே. வெளியே வந்து கடை நாற்காலியில் உட்கார்ந்து, ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்து பார். பின்பக்கம் இடுப்பு இறங்கினால் அந்தக் கட்டிங் உனக்கு ஆகாது.

நிறம் கருநீலமோ அடர் சாம்பலோ இருக்கட்டும். விமானத்தில் உள்ளே வட்டக் கழுத்துப் பனியன் சட்டை போட்டுக்கொள். பிளேசரைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி தோள்களைக் கோத்து மடித்து, மேல் தட்டில் பெட்டிகளுக்கு மேலே வை, அடியில் போகக் கூடாது. அயர்ன் செய்த முழுக்கைச் சட்டையைக் கைப்பையில் கொண்டுபோய் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கிய பிறகு மாற்றிக்கொள். சட்டையை மடிக்கும்போது நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் மடிப்பு பதியாது. பெல்ட்டைப் பயணத்தில் கட்டவே வேண்டாம், பைக்குள் போட்டுக்கொள். செக்யூரிட்டியில் கழற்றி மாட்டும் அவசரமும் இல்லை, வயிறும் நன்றி சொல்லும்.

கேள்வி: சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போகிறேன். வேட்டி கட்டிக்கொண்டு விமானத்தில் போகலாமா? மகன் பேன்ட் போடச் சொல்கிறான்.
– வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாகப் போகலாம் ஐயா. வேட்டி கூடாது என்று எந்த விதியும் இல்லை. திருச்சியிலிருந்து நான்கு மணி நேரச் சொச்சம்தான், உட்கார வேட்டியைவிடச் சுகமான உடை கிடையாது. இடுப்பில் வெல்க்ரோ பட்டையும் உள்ளே பாக்கெட்டும் வைத்த வேட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை மடியில் செருக வேண்டியிருக்காது. முதல் நாள் வீட்டில் கட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து பாருங்கள், வெல்க்ரோ பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். உள்ளே முட்டி வரை வரும் அரைக்கால் சட்டை அவசியம், ஜன்னல் சீட்டிலிருந்து மற்றவர்களைத் தாண்டி வரும்போது கூச்சமிருக்காது. ஏசி குளிருக்குத் தோளில் ஒரு சால்வை. கம்பீரமாகவும் இருக்கும்.

கேள்வி: புதிதாகக் கல்யாணமான பெண் நான். பாலிக்குத் தேனிலவு போகிறோம். சினிமா நடிகைகளின் 'ஏர்போர்ட் லுக்' பார்த்து வெள்ளை ஜம்ப்சூட்டும் ஹீல்ஸும் எடுத்து வைத்திருக்கிறேன். பொருத்தமா?
– வாசகி, சேலம்

பதில்: ஆசை நியாயமானது, இந்த வயதில் உடுத்தாமல் எப்போது உடுத்துவது? ஆனால் நடிகைகள் அந்தப் படத்துக்காக நடப்பது காரிலிருந்து வாசல் வரை. மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த ஜம்ப்சூட்டை விமானக் கழிவறையில் கழற்றினால் முழுதும் ஈரத் தரையில் விழும். அதே வெள்ளை, அதே தோற்றம் வேண்டுமென்றால் மேல், கீழ் தனித்தனியாக வரும் கோ-ஆர்ட் செட் எடுத்துக்கொள்ளம்மா. லினனும் விஸ்கோஸும் கலந்த துணி நன்றாக விழும், சுத்த லினன் அளவுக்குக் கசங்காது. தூய வெள்ளை வேண்டாம், சந்தன நிறம் எடு. சாப்பாட்டுத் தட்டு மடிமேல்தான் இருக்கும்.

ஹீல்ஸ் பெட்டிக்குள் போகட்டும். அழகுக்கு எதிராகச் சொல்லவில்லை, இது உயிர் சமாச்சாரம். அவசரத்தில் விமானக் கதவிலிருந்து விரியும் காற்றடைத்த சறுக்குப் பாதையில் இறங்க வேண்டி வந்தால் ஹீல்ஸைக் கழற்றச் சொல்வார்கள், கூர்முனை அந்தப் பாதையைக் கிழிக்கும். அப்புறம் வெறுங்காலோடு ஓட வேண்டும். பெரிய விமானங்களுக்கு அனுமதி தரும்போதே, பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி எல்லோரும் 90 விநாடிக்குள் வெளியேற முடிகிறதா என்று சோதிக்கிறார்கள். செருப்பைத் தேட அதில் நேரமே கிடையாது. பட்டை வைத்த தட்டைச் செருப்போ வெள்ளை கேன்வாஸ் ஷூவோ போடு. நைலான், பாலியஸ்டர் தீயில் உருகித் தோலில் ஒட்டும். அதனால்தான் காட்டன், கம்பளி போன்ற இயற்கை இழைத் துணிகளை உடுத்தச் சொல்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம். கண்ணாடி வளையல்களை இரண்டிரண்டாகக் குறைத்துக்கொள், மீதியை உருளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோ. காதில் சின்னத் தோடு, உதட்டில் உனக்குப் பிடித்த நிறம். காற்று வறண்டிருக்கும், உதட்டுச் சாயத்துக்கு முன்னால் வாஸ்லின் தடவ மறக்காதே.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தையோடு துபாய் போகிறேன். குழந்தைக்கு என்ன போடுவது?
– வாசகி, மதுரை

பதில்: கால் வரை மூடிய காட்டன் பனியன் செட், மேலே முன்பக்கம் ஜிப் வைத்த சட்டை, காலுறை. மாற்று உடை குழந்தைக்கு இரண்டு, உங்களுக்கு ஒரு டாப். குழந்தை வாந்தி எடுப்பது பெரும்பாலும் உங்கள் மேல்தான், எல்லா அம்மாக்களும் இதை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு செட்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். நனைந்ததை அதே பைக்குள் போட்டு முடிந்துவிடலாம்.