லண்டனில் கால்பந்து ஆட்டத்தை நேரலையில் பார்க்க நல்ல பப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

நவம்பரில் பத்து நாள் லண்டன் வருகிறேன், மைதானத்துக்குச் சீட்டு கிடைக்கவில்லை, சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டத்தையாவது ஒரு நல்ல பப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 3 மணி ஆட்டத்தை எந்த பப்பிலும் பார்க்க முடியாது. ஒழுங்காக நடக்கும் எந்த பப்பிலும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வியாசர்பாடிப் பக்கம் வளர்ந்தவன் நான். அங்கே பையன்கள் காலில் பந்து இல்லாமல் தெருவைக் கடக்க மாட்டார்கள். லண்டன் வந்த புதிதில், ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, ஆர்சனல் அணியின் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தெருமுனை பப்புக்குப் போனேன். டிவியில் குதிரைப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் போடவில்லையா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூணு மணி ஆட்டமா?" என்று சிரித்தார். பத்து நிமிடத்தில் ஊரிலிருந்து தம்பியின் செய்தி: "அண்ணே, கோல் பாத்தியா?" அங்கே இரவு எட்டே முக்கால். அவன் வீட்டில் இட்லியைப் பிட்டுக்கொண்டே நேரலையில் பார்க்கிறான். மைதானத்திலிருந்து நாலு ரயில் நிலையம் தள்ளி இருக்கும் நான் குதிரை பார்க்கிறேன்.

சனிக்கிழமை மதியம் 2:45 முதல் 5:15 வரை இங்கே எந்தச் சேனலும் கால்பந்தை நேரலையாகக் காட்டுவதில்லை. பிளாக்அவுட் என்பார்கள். 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்டு கிளப்பிவிட்ட யோசனை இது. பெரிய அணிகளை வீட்டிலேயே பார்க்க முடிந்தால் சின்ன ஊர் மைதானத்துக்கு எவன் வருவான் என்று கேட்டு, மற்ற கிளப் தலைவர்களைத் தன் பக்கம் இழுத்தார். கோவிட் காலத்தில் மைதானங்கள் பூட்டிக் கிடந்தபோது கொஞ்சம் தளர்த்தினார்கள். மற்றபடி அப்படியே தொடர்கிறது.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது மற்ற நேரங்களை. சனி 12:30 ஆட்டம் டிஎன்டி ஸ்போர்ட்ஸில் வரும். சனி மாலை 5:30, ஞாயிறு 2 மணி, 4:30, வெள்ளி அல்லது திங்கள் இரவு 8 மணி ஆட்டங்கள் ஸ்கை ஸ்போர்ட்ஸில். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்த இரண்டு சேனலுக்கும் தனித்தனியே பணம் கட்ட வேண்டும். ஸ்கை மட்டும் வைத்திருக்கும் பப்புகள் நிறைய உண்டு. வாசலில் 'நேரலைக் கால்பந்து' என்று பலகை தொங்குவதைப் பார்த்து 12:30 ஆட்டத்துக்கு நுழைந்தால் ஏமாற்றம்தான்.

பப்புக்கான ஸ்கை சந்தா வீட்டுச் சந்தா மாதிரி அல்ல. கட்டடத்தின் வரி மதிப்பை வைத்துத் தொகையைக் கணக்கிடுகிறார்கள். வருடத்துக்குப் பல ஆயிரம் பவுண்டு ஆகும். திரையின் மூலையில் சின்னதாக ஒரு பீர் கோப்பைப் படம் தெரிந்தால் அது பப்புக்கான இணைப்பு என்று அர்த்தம். அது இல்லாவிட்டால் யாரோ வீட்டு இணைப்பைத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சந்தா விவகாரம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிருக்கிறது. போர்ட்ஸ்மத் ஊரில் பப் நடத்திய கேரன் மர்ஃபி, ஸ்கைக்குக் கட்டுப்படியாகாமல், கிரேக்க நாட்டுச் சேனலின் டீகோடர் அட்டையை வாங்கி ஆட்டங்களைக் காட்டினார். அபராதமும் செலவுமாகக் கிட்டத்தட்ட 8,000 பவுண்டு தண்டம். விடாமல் வழக்காடினார். 2011 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், வேறு நாட்டு அட்டையைத் தடை செய்வது செல்லாது, ஆட்டம் காப்புரிமைக்குள் வராது என்றது. ஆனால் ஒளிபரப்பில் வரும் பிரீமியர் லீக் (இங்கிலாந்தின் முதல்நிலை லீக்) பாட்டுக்கும் திரை வரைகலைக்கும் காப்புரிமை உண்டு என்று ஒரு முடிச்சையும் போட்டுவைத்தது. 2012இல் அவர் மீதான தண்டனை ரத்தானது. மற்ற பப்காரர்களுக்கு அதனால் பெரிய விடுதலை எதுவும் வந்துவிடவில்லை. ஒரு பைன்ட் பீர் ஆறேழு பவுண்டு விற்கிறதே என்று கவுண்டரில் நின்று முணுமுணுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அம்மாவின் ஞாபகம் வரும்.

சரி, எப்படித் தேடுவது? ஃபான்ஸோ என்று ஒரு செயலி இருக்கிறது. முன்பு மேட்ச்பைன்ட் என்ற பெயரில் இருந்தது. ஆட்டத்தைக் குறிப்பிட்டால் அக்கம்பக்கத்தில் எந்த பப் காட்டுகிறது என்று சொல்லும். ஸ்கையிடமும் இதுபோல் ஒரு தேடல் பக்கம் உண்டு. இரண்டையும் நம்பலாம், முக்கால்வாசி. மீதிக் கால்வாசிக்கு பப்புக்கு ஒரு போன் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள். இந்த ஆட்டத்தைப் போடுகிறீர்களா? சத்தத்தோடு போடுகிறீர்களா?

இரண்டாவது கேள்விதான் உயிர். நீங்கள் வருவது நவம்பர், ரக்பி சர்வதேச ஆட்டங்கள் நடக்கும் மாதம். ஒரு நவம்பரில், ஊரிலிருந்து வந்திருந்த மாமாவைக் கூட்டிக்கொண்டு, தேம்ஸ் ஓரத்தில் பார்க்க லட்சணமான ஒரு பப்புக்குப் போனேன். மேஜைகூடப் பதிவு செய்திருந்தேன். போய்ப் பார்த்தால் நாலு திரையிலும் ரக்பி. கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன டிவியில் மட்டும் எங்கள் ஆட்டம், அதுவும் ஊமையாக. கதவு திறந்து மூடும்போதெல்லாம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். மாமா கடைசியில், "நல்லாத்தான்டா இருக்கு, நம்ம ஊர் சலூன்ல நின்னு மேட்ச் பாக்குற மாதிரி" என்றார். ஆட்டம் போடுவார்களா என்று கேட்டவன், எந்தத் திரையில், எந்தச் சத்தத்தில் என்று கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

சுற்றுலா வருகிறவர்கள் விழும் இன்னொரு குழி, அழகான பழைய பப்புகள். ஃபிளீட் தெருவில் இருக்கும் 'யி ஓல்டு செஷர் சீஸ்', ஹோபர்ன் பக்கம் 'பிரின்சஸ் லூயிஸ்' எல்லாம் பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் இரண்டும் சாமுவேல் ஸ்மித் கம்பெனியுடையவை. அவர்கள் பப்பில் டிவி கிடையாது, பாட்டு கிடையாது, போனை நோண்டுவதும் பிடிக்காது. ஆட்டமில்லாத நாளில் கட்டாயம் போங்கள். ஊரெங்கும் கிளை வைத்திருக்கும் வெதர்ஸ்பூன் பப்புக்குள் மலிவு என்று நுழைவீர்கள். சாப்பாட்டுக்குச் சரி, ஆட்டத்துக்குப் பெரும்பாலும் ஆகாது.

இனி நான் உங்களுக்குச் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம். ஆர்சனல் ரசிகர்களோடு ஆட்டம் பார்க்க வேண்டுமானால், ஆர்சனல் வெளியூரில் ஆடும் நாளில் அவர்கள் பேட்டைக்குப் போங்கள். சொந்த மைதானத்தில் ஆடும் நாளில் போகாதீர்கள். இதை யாரும் எழுதி வைப்பதில்லை. சொந்த மைதான ஆட்டம் என்றால் அக்கம்பக்க பப்பெல்லாம் ஆட்டத்துக்கு முன்னால் மூச்சுவிட இடமில்லாமல் நிரம்பும். ஆடுகளம் கண்ணில் படுகிற இடத்தில் மது குடிக்கக் கூடாது என்று 1985ஆம் வருடச் சட்டம் ஒன்று இருப்பதால், குடிக்க வேண்டியதை வெளியிலேயே முடித்துக்கொண்டுதான் போவார்கள். தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கூட்டம் ஒரேயடியாகக் கிளம்பிவிடும். வெறும் மேஜையும் ஈரக் கோப்பைகளும் மிச்சம். அதே அணி லிவர்பூலிலோ நியூகாசிலிலோ ஆடும் நாளில், போக முடியாத அத்தனை பேரும் அந்த பப்பில்தான் இருப்பார்கள். பாட்டு, வசவு, நடுவரின் குடும்ப வரலாறு எல்லாம் கிடைக்கும்.

அப்படிப் போவதற்கு என் தேர்வு, ஃபின்ஸ்பரி பார்க் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் பெர்த் ரோட்டில் இருக்கும் 'ஃபால்டரிங் ஃபுல்பேக்'. முகப்பு முழுக்கப் பச்சைச் செடிகொடி படர்ந்து மூடியிருக்கும். உள்ளே போகப் போகத்தான் எவ்வளவு பெரிசு என்று தெரியும். பின்னால் பெரிய திரையுள்ள அறை, அதற்கும் அப்பால் மரப்படிகளாலேயே அடுக்கடுக்காகக் கட்டிய தோட்டம், சமையலறையில் தாய்லாந்துச் சாப்பாடு. உறைப்பு நம் நாக்குக்குப் போதும். ஒரு மணி நேரம் முன்னால் போனால்தான் உட்கார இடம். ஹார்ன்சி ரோட்டில் உள்ள 'டாலிங்டன்' இன்னும் தீவிரம், மைதானத்துக்குப் பக்கம். வேறு அணிச் சட்டையோடு அங்கே போய்விடாதீர்கள்.

சட்டை விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஆட்ட நாளில் பல பப் வாசல்களில் 'உள்ளூர் ரசிகர்களுக்கு மட்டும்' என்று அட்டை தொங்கும். எதிரணி நிறம் தெரிந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, உங்கள் நல்லதுக்குத்தான். எந்த அணி என்று முடிவு செய்யாதவர்கள் சாதாரணச் சட்டையில் போவது உத்தமம்.

எந்த அணியும் வேண்டாம், எல்லாம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு வெஸ்ட் கென்சிங்டன் நிலையத்துக்குப் பக்கத்தில் 'ஃபேமஸ் த்ரீ கிங்ஸ்'. திரைகள் ஏராளம். ஒரு மூலையில் ஒரு ஆட்டம், இன்னொரு மூலையில் வேறொன்று. வழக்கமான கூட்டம் என்று ஒன்று இல்லாததால் புதியவர்களுக்குக் கூச்சம் இருக்காது. எனக்கு அங்கே ஏதோ விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும், அது என் குறை.

கொஞ்சம் வரலாறும் வேண்டுமானால் செல்சியின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்துக்கு எதிரே 'புட்சர்ஸ் ஹுக்' இருக்கிறது. முன்பு அதன் பெயர் 'ரைசிங் சன்'. 1905 மார்ச் 10 அன்று செல்சி கிளப்பைத் தொடங்கியது அங்கேதான். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கமே 1863இல் உருவானதும் ஒரு மதுக்கடையில்தான், கிரேட் குயின் தெருவில் இருந்த ஃப்ரீமேசன்ஸ் டேவர்ன். அந்தக் கட்டடம் இன்று இல்லை. அருகே லாங் ஏக்கரில் இருக்கும் 'ஃப்ரீமேசன்ஸ் ஆர்ம்ஸ்' அந்தப் பெருமையைச் சொந்தம் கொண்டாடுகிறது. கேட்டுச் சிரித்துவிட்டு ஒரு கோப்பை குடிக்கலாம்.

கிழக்கே அப்டன் பார்க்கில் 'போலின் டேவர்ன்' வேறு ரகம். வெஸ்ட் ஹாம் கிளப் 2016இல் ஸ்ட்ராட்ஃபோர்டு மைதானத்துக்குக் குடிபோய்விட்டது. பழைய மைதானத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இந்த பப் மட்டும் பார்க்கிங் (Barking) ரோடு முனையில் நிற்கிறது, 2021இல் புதுப்பித்துத் திறந்தார்கள். ஆட்டம் உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். இல்லாவிட்டாலும் நட்டமில்லை, அங்கிருந்து இருபது நிமிடம் நடந்தால் ஈஸ்ட் ஹாம். தோசையும் கொத்து ரொட்டியும் தமிழ்க் கடைகளில் காத்திருக்கும்.

பப்புக்குள் நடந்துகொள்வதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மேஜையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள், கவுண்டருக்குப் போய் வாங்கி அப்போதே பணம் கொடுக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து போனால் ஒவ்வொருவராக எல்லோருக்கும் சேர்த்து வாங்குவார்கள். உங்கள் முறை வரும்போது நழுவினால் பெயர் கெட்டுவிடும். குடிக்காதவர் என்றால் லைம் சோடா கேளுங்கள், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். நான் பாதி நாள் அதுதான். பிள்ளைகளோடு போவதாக இருந்தால் அதையும் போனில் கேட்டுவிடுங்கள். மாலைக்குப் பிறகு குழந்தைகளை அனுமதிக்காத இடங்கள் பல.

அப்புறம் அந்த 3 மணி. சனிக்கிழமை மதியம் சும்மா இருக்க வேண்டாம். லண்டன் பிரிட்ஜிலிருந்து ரயிலில் கால் மணி நேரத்தில் ஈஸ்ட் டலிச். ஆங்கில எழுத்தில் ஒரு டபிள்யூ உண்டு, யாரும் அதை உச்சரிப்பதில்லை. நிலையத்துக்குப் பக்கத்திலேயே சாம்பியன் ஹில், 1893இல் தொடங்கிய டலிச் ஹாம்லெட் அணியின் மைதானம். இளஞ்சிவப்பும் கருநீலமும் அவர்கள் நிறம். நான் சொன்ன மதுச் சட்டம் இந்த மட்டத்து ஆட்டங்களைத் தொடுவதில்லை, அதனால் பிளாஸ்டிக் கோப்பையில் பீரை வாங்கிக்கொண்டு கோலுக்குப் பின்னால் நின்றே பார்க்கலாம். எட்டிக் கை நீட்டினால் கோல்கீப்பரின் முதுகைத் தட்டலாம் போலிருக்கும். பாப் லார்டு கவலைப்பட்டது இப்படிப்பட்ட மைதானங்களை நினைத்துத்தான். போன சீசனில் அங்கிருந்து தம்பிக்கு நான் செய்தி அனுப்பினேன்: "கோல் பாத்தியா?" எந்தச் சேனல் என்று அவன் கேட்டான்.

சாம்பியன் ஹில்லில் காற்று எலும்பைத் துளைக்கும். காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு போங்கள்.