இரண்டாம் வகுப்புப் பையன் எதைப் பார்த்தாலும் தட்டுகிறான். மிருதங்க வகுப்பில் சேர்க்கலாமா?

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்தவள் நான். உங்கள் வீட்டில் தட்டு, டம்ளர், சிலிண்டர் எல்லாம் அடி வாங்கிக்கொண்டிருக்கும், தெரியும். சேர்க்கலாம், ஆனால் உடனே வேண்டாம். அரசு இசைப் பள்ளியிலேயே 12 வயது ஆனால்தான் எடுப்பார்கள். (வித்வான்கள் சண்டைக்கு வரவேண்டாம், ஏழு வயதில் குருவிடம் போனால் தப்பு என்று நான் சொல்லவில்லை.)

முதலில் வாய், அப்புறம் கை, கடைசியில்தான் தோல். தாளச் சொல்லில் தகிட என்றால் மூன்று எண்ணிக்கை, தகதிமி என்றால் நான்கு. இப்படிச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடும். நான் 'சந்தகை', 'பணியாரம்' என்று சொல்லவைத்தேன். சந்-த-கை மூன்று, ப-ணி-யா-ரம் நான்கு, சேர்த்துச் சொன்னால் ஏழு, இந்த ஏழு கணக்குக்குத்தான் மிஸ்ரம் என்று பெயர். ஒவ்வொரு பலகாரத்தின் முதல் எழுத்துக்கும் ஒரு கைதட்டு, அவ்வளவுதான். மறுநாள் சத்துணவு வரிசையில் நின்றுகொண்டு தட்டில் அடித்தார்கள். வகுப்பறைக்குள் மட்டும் தட்டடிக்க விடாதீர்கள், காது போய்விடும். எங்களுக்கு வேப்பமரத்தடி இருந்தது.

2019இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்புச்சியை (அம்மாவின் அப்பாவை) கூப்பிட்டேன், தப்பட்டை, அதாவது பறை அடிப்பவர். காய்ந்த ஓலையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார், தட்டிப் பார்த்தார், மறுபடி காய்ச்சினார். வீட்டுப்பாடம் எழுதாத பயல்கள்கூட அசையாமல் பார்த்தார்கள். சூடு ஏறினால் தோல் இறுகும், சத்தம் கணீரென்று வரும் என்பதை நான் சொல்லவே தேவைப்படவில்லை. வலது கையில் தடித்த அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. பிள்ளைகள் 'சந்தகை பணியாரம்' என்று கத்த, அவர் சிரித்துக்கொண்டே அதே கணக்கில் அடித்தார். அவர் பேத்தி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் ஒருத்தர் வந்தார். "ஏனுங்க டீச்சர், எழவுக்கு அடிக்கறதையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டாறீங்க?"

"மாரியம்மன் நோம்பிக்குக் கம்பத்தைச் சுத்தி எந்த அடிக்குங்க ஆடறீங்க?" என்றேன். பதில் இல்லை. தலைமையாசிரியரிடம் போய்ப் புகார் சொன்னார், தலைமையாசிரியரும் என்னிடம் "எதுக்கும்மா வம்பு" என்றார், அத்தோடு நின்றது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது அந்த மனுசன்தான் முதல் ஆளாக வாட்சப்பில் வாழ்த்துப் போட்டார்!

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அப்புச்சி வந்த அதே வருஷ ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆட ஜிகினாச் சட்டை வாடகை, பிள்ளைக்கு 400 ரூபாய், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அப்புச்சிக்குப் பள்ளியில் கிடைத்தது ஒரு டீ. பஸ் காசு நான்தான் கொடுத்தேன், அதையும் வாங்க மாட்டேனென்று அவர் எவ்வளவோ மறுத்தார்.