0.4 எப்படி 5.6 ஆனது?

வணக்கம் தம்பி. 2016இல் 0.4 விழுக்காடாக இருந்த மலேசிய வறுமை 2019இல் 5.6 ஆகிவிட்டது, பதினான்கு மடங்கு ஏறியதாக ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். மாறியது அளவுகோல். பழைய வறுமைக்கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அது ரொம்பக் குறைவு என்று 2019இல் இங்கு வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வெளிப்படையாகவே சொன்னார். 2020இல் அரசு அதை 2,208 வெள்ளியாகத் திருத்தியது. புதிய கோட்டில் 2016ஐக் கணக்கிட்டால் 7.6 வரும். அதாவது 2019க்குள் வறுமை குறைந்திருக்கிறது!

அப்புறம் இன்னொன்று. 2020இல் வைத்த அந்த 2,208 என்பது சராசரிதான். ஆட்களின் எண்ணிக்கை, வயது, இருப்பிடம் பார்த்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக்கோடு உண்டு. பினாங்கின் ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு ஒன்றில் 2,600 வெள்ளியில் ஏழு பேர் வாழ்வதாக வையுங்கள். தலைக்கு 371 வெள்ளி. பக்கத்து வீட்டில் அதே வருமானத்தில் இருவர் என்றால் தலைக்கு 1,300. 2,208 என்ற ஒரே கோட்டை எல்லோருக்கும் வைத்துப் பார்த்தால் அந்த ஏழு பேரின் கஷ்டம் கண்ணிலேயே படாது. நம் குடும்பங்கள் பல இப்படித்தான் விடுபட்டுப் போகின்றன, எனக்கு அதுதான் வருத்தம்.

ஆய்வேட்டில் பினாங்கு இந்தியர்களை மட்டும் பிரித்தால், கணக்கெடுப்பில் கிடைக்கும் மாதிரிக் குடும்பங்களின் எண்ணிக்கை சிறுத்துவிடும். ஒவ்வொரு மாதிரிக் குடும்பமும் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்று காட்டும் எடைகளைக் கட்டாயம் போடுங்கள், பிழை எல்லையையும் சேர்த்தே எழுதுங்கள். மாவட்ட அளவுக்கு இறங்க வேண்டாம்.