கழுத்து தடித்தால் குத்து தாங்குமா?

கேள்வி: ஆறு மாதமாக பாக்ஸிங் போகிறேன். தோள், மார்பு எல்லாம் ஏறிவிட்டது, கழுத்து மட்டும் கோழிக் கழுத்தாகவே இருக்கிறது. ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) ஒரு ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து) பட்டாலே தலை பின்னால் போய்விடுகிறது. ஷ்ரக் (எடையைக் கையில் பிடித்துத் தோளை மேலே தூக்குவது) நிறையவே அடிக்கிறேன். தலையைத் தரையில் ஊன்றி உடம்பை வில்லாக வளைத்து பிரிட்ஜ் போடு என்கிறார்கள் கூட இருப்பவர்கள். போடலாமா? மைக் டைசன் மாதிரி கழுத்து வர எத்தனை மாதம் ஆகும்? (19 வயது வாசகர், ராயபுரம்)

பதில்: தம்பி, ஷ்ரக்கை முதலில் பார்த்துவிடுவோம். அதில் வளர்வது பிடரியிலிருந்து தோளுக்கு இறங்கும் டிரபீசியஸ் தசை. சட்டை போட்டால் ஆள் கெத்தாகத் தெரிவாய், நல்லதுதான், ஆனால் ஜாப் பட்டு பின்னால் போகிற தலையைப் பிடித்து நிறுத்த வேண்டியது முன்கழுத்து. கண்ணாடி முன் நின்று முகத்தை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிப் பார், காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரைக்கும் சாய்வாக ஒரு தசை புடைத்துக்கொண்டு வரும். ஜிம்மில் யாரும் அதைச் சீண்டுவதே இல்லை.

பெஞ்சில் மல்லாந்து படுத்து, தலை மட்டும் வெளியே இருக்கும்படி தள்ளிக்கொள். தாடையை நெஞ்சுக்குக் கொண்டு வந்து, மெதுவாக இறக்கு. முதல் இரண்டு வாரம் வெறும் தலை போதும், அதுவே ஐந்து கிலோவுக்குப் பக்கம் இருக்கும். அப்புறம் இரண்டரை கிலோ பிளேட்டைத் துண்டில் சுற்றி நெற்றியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள். 15 முதல் 20 தடவை, இரண்டு செட். குப்புறப் படுத்து பிடரிக்கும், ஒருக்களித்துப் படுத்து இரண்டு பக்கத்துக்கும் இதையே செய். வாரத்தில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. எடையை அவசரப்பட்டு ஏற்றாதே, வெட்டி வெட்டி இழுக்காதே, கழுத்தில் அந்த வேலை ஆகாது. இன்னொன்று, இதையெல்லாம் பயிற்சி முடிந்த பிறகுதான் செய்ய வேண்டும். கழுத்தைக் களைக்க வைத்துவிட்டு ஸ்பாரிங்குக்கு ஏறுகிற பையன்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

பிரிட்ஜ் வேண்டாம் என்பது என் கட்சி. குஸ்திக்காரனுக்கு அது தேவை, முதுகு தரையில் படாமல் தப்பிக்க அவன் அந்த நிலையில்தான் நின்றாக வேண்டும். பாக்ஸருக்கு அந்த நிலைமையே வருவதில்லை. கழுத்தைப் பின்னால் வளைத்து உடம்பு எடையை எலும்பின் மேல் போட்டு உருட்டுவதால் கிடைக்கிற பலம் பிளேட்டிலேயே கிடைத்துவிடும், அப்புறம் எதற்கு அந்த வம்பு? டைசன் பிரிட்ஜ் போட்டார், உண்மைதான். டைசன் செய்ததையெல்லாம் செய்ய நம்மால் ஆகுமா?

அவர் கழுத்து சுமார் 20 அங்குலம் என்பார்கள். அது பிறவி உடம்பும் சேர்ந்து வந்தது. உனக்கு மூன்று மாதத்தில் அரை அங்குலம் ஏறினாலே நல்ல ஏற்றம், அதுவும் ஒழுங்காகச் சாப்பிட்டால். கறியும் முட்டையும் பருப்பும் சோறும் குறைவாக உள்ளே போய்க்கொண்டிருந்தால் பிளேட் என்ன, பாறையையே தூக்கினாலும் கழுத்து தடிக்காது.

சரி, தடித்தால் மட்டும் எல்லாக் குத்தும் தாங்குமா? 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் என்ற பாக்ஸர் அதே 20 அங்குலக் கழுத்துக்காரரைப் பத்தாவது ரவுண்டில் சாய்த்தார். முதலில் கீழிருந்து மேலே ஓர் அப்பர்கட், தலை மேலே எகிறியது, அது திரும்பி நிலைக்கு வருவதற்குள் அடுத்தடுத்துக் குத்துகள் வந்து விழுந்தன. டைசன் தவழ்ந்து போய் கீழே கிடந்த கம்ஷீல்டை (பல்லுக்குப் போடும் உறையை) தேடி எடுத்து, அதைச் சரியாகக் கடிக்கக்கூட முடியாமல் வாயோரத்தில் தொங்கவிட்டபடி எழுந்தார். அதுவரைக்கும் அவரை யாரும் வீழ்த்தியதே இல்லை.

பக்கவாட்டில் வளைந்து வந்து தாடையில் விழுகிற ஹூக் தலையைச் சுழற்றுகிறது, மூளையைக் கலக்குவது பெரும்பாலும் அந்தச் சுழற்சிதான். குத்து வருவது தெரிந்து கழுத்தை இறுக்கினால் தலையும் உடம்பும் சேர்ந்து ஒரே கட்டையாகி அந்த ஆட்டம் குறையும். தெரியாமல் விழுந்தால் எந்தத் தசையும் சமயத்துக்கு வராது. அமெரிக்காவில் 6,700 பள்ளி விளையாட்டுப் பிள்ளைகளின் கழுத்தை அளந்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கழுத்து வலுவாக இருந்தவர்களுக்கு மூளை அதிர்ச்சி குறைவு என்று தெரிந்தது. ஆனால் அவர்கள் கால்பந்து, கூடைப்பந்து, லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தாடுவது) ஆடியவர்கள். மோதிக்கொள்வது வேறு, தாடையைக் குறிவைத்து அடிப்பது வேறு. அதனால் தாடையை இறக்கி, வாயை மூடி கம்ஷீல்டைக் கடித்து, எதிராளியின் நெஞ்சுப் பக்கம் கண்ணை வைத்துப் பழகு. உன் தலை பின்னால் போவதற்கு, ஜாப் அடித்துவிட்டு நீ தாடையைத் தூக்குவது காரணமாக இருக்கலாம், கோச்சிடம் பார்க்கச் சொல்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. செங்கல்லைத் துண்டில் கட்டி, துண்டைப் பல்லால் கடித்துத் தூக்குகிறான். பயமாக இருக்கிறது. (ஒரு தாய், மதுரை)

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான் அம்மா, கழுத்தை விடப் பல்லுக்கு. செங்கல்லை இன்றைக்கே பிடுங்கி வையுங்கள். ஆசையை மட்டும் தடுக்க வேண்டாம். உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளச் சொல்லுங்கள், தலை அசையாமல் 10 வினாடி எதிர்த்து நிற்கட்டும். இதேபோல் பின்பக்கம், இரண்டு காதுப் பக்கம். இந்த வயதுக்கு அது போதும். கையில் சுருக்கென்று இழுத்தாலோ விரல் மரத்துப் போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிற வேலை வேண்டாம்.

கேள்வி: கழுத்துப் பயிற்சி செய்தால் ஆம்பளைக் கழுத்தாகிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஹெட்கார்டு (தலைக்கவசம்) போட்டுத்தானே பாக்ஸிங் ஆடுகிறேன், விட்டுவிடலாமா? (கல்லூரி மாணவி, தூத்துக்குடி)

பதில்: விடாதேம்மா. பொதுவாகப் பெண்களுக்குக் கழுத்துப் பலம் ஆண்களை விடக் குறைவு, அதனால் உனக்குத்தான் இது கூடுதலாக வேண்டும். ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைத் தடுக்கும், தலை சுழல்வதைத் தடுக்காது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு அதை எடுத்தேவிட்டார்கள். கழுத்து பருத்துவிடும் என்ற கவலையே வேண்டாம், மேலே அந்தத் தம்பி அரை அங்குலத்துக்கு என்ன பாடுபட வேண்டும் என்று வீட்டில் படித்துக் காட்டு.